படத்தைக் காட்டுகிறார்கள், மாசத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்

தர்மபுரியில் ஏப்ரல் பிறந்தாலே போதும், நாலு ரோட்டுப் பக்கம் எங்கே திரும்பினாலும் நீலத் தண்ணீர்தான். 'சம்மர் ஸ்பெஷல்! அந்தமான், மாலத்தீவு, புக்கெட், பாதி விலை!' என்று ஃப்ளெக்ஸ். தென்னை சாய்ந்து நிற்கும், கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். சரி, பாதி விலை ஏன் என்று எவராவது சொல்கிறார்களா? நம்மேல் பாசம் பொங்கிக் குறைக்கவில்லை ஐயா. அங்கே அது சீசன் முடிகிற நேரம். ஆள் வராத அறையை நம் தலையில் கட்டுகிறார்கள், அதற்குப் பேர் ஆஃபர்!

நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியில் லீவு விட்டால் ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். இங்கே கத்திரி வெயிலில் நாம் வேகும் அதே நாட்களில்தான் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பும். அந்தமான் பக்கம் மே மூன்றாவது வாரம் வாக்கில் வந்து சேரும், கேரளத்துக்கு ஜூன் 1 வாக்கில். ஐந்தாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். ஏசி போட்டு உட்கார்ந்து தீவு விற்கிறவருக்கு மட்டும் தெரியாதாம்.

அப்படி ஒருவரிடம் போய்க் கேட்டேன். "மே கடைசியில் கடல் எப்படிங்க இருக்கும்?" டேப்லெட்டில் அடுத்த படத்தைத் தள்ளிக்கொண்டே பதில் சொன்னார்: "கடல் கடலாத்தான் சார் இருக்கும்." அப்புறம் ஒரு தாளை நீட்டினார். அதன் கடைசியில், எறும்பு ஊர்ந்த அளவு எழுத்தில், வானிலையால் படகு ரத்தானால் நிறுவனம் பொறுப்பில்லை என்று இருந்தது. கடலைப் பற்றித் தெரியாதவர் அந்த வரியை மட்டும் எப்படி மறக்காமல் அச்சடித்தார்?

அந்தமான் என்றால் போர்ட் பிளேரோடு முடிவதில்லை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய அதே ஊர்தான். படத்தில் இருக்கும் ராதாநகர் கடற்கரைக்கு, ஹேவ்லாக் என்ற சுவராஜ் தீவுக்கு, அங்கிருந்து கப்பல் ஏற வேண்டும். காற்று அடித்தால் கப்பல் நிற்கும். தீவில் மாட்டிக்கொண்டால் ஊர் திரும்பும் விமானம் நமக்காகக் காத்திருக்காது. பக்கத்து நீல் தீவில் இன்னொரு கூத்து. பரத்பூர் கடற்கரையில் கடல் உள்வாங்கும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் போய்விடும். பாறையும் செத்த பவளமும் வெளியே கிடக்கும், வெறுங்காலில் நடந்தால் பாதம் கிழியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது இன்னும் அதிகம். நாள்காட்டியைப் பார்த்துத் தேதி போட எத்தனை நேரம் ஆகும்? ஆனால் காலை பத்து மணிக்கு "குளியல்" என்று அட்டவணையில் அடித்துத் தருகிறார்கள், கடலிடம் கேட்டு எழுதியது போல!

லட்சத்தீவு? 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்ப் படம் போட்டாலும் போட்டார், எங்கள் உறவு வட்டாரமே கிளம்பிவிட்டது. அது ஜனவரிப் படம் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். கொச்சியிலிருந்து கப்பல், இல்லையென்றால் அகத்திக்கு விமானம். பல தீவுகளில் பெரிய கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் சிறு படகுக்கு மாறி இறங்க வேண்டும். பருவக்காற்று வீசும்போது எங்கள் அத்தையை அப்படி இறக்கப்போவது யார்? குடும்பக் குழுவில் கேட்டேன். மச்சான் பதிலே சொல்லவில்லை, கட்டைவிரல் பொம்மை அனுப்பினார்.

இத்தனைக்கும் நாம் கிளம்புவது கடற்கரை ஊரிலிருந்தா? விமானம் ஏற நள்ளிரவில் எழுந்து, கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரை முழுசாகக் குறுக்கே கடந்து, ஊருக்கு வடக்கே இருக்கிற தேவனஹள்ளிக்குப் போக வேண்டும். ஐந்து நாள் பேக்கேஜில் போக ஒரு நாள், வர ஒரு நாள் இதிலேயே செத்தது. மிச்ச நாளில் மழை வந்தால் அறையில் உட்கார்ந்து சீட்டு ஆட வேண்டியதுதான்.

மேயில் போகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. தீவைப் பார்ப்பதோடு அதன் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள் என்கிறேன். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கம் அலை முரட்டுத்தனமாக இருக்கும். அதே நேரம் கிழக்கே திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா பக்கம் கடல் அமைதி. பாசிக்குடாவில் வெகுதூரம் போனாலும் ஆழம் இல்லை, பிள்ளைகளை நம்பி விடலாம். தமிழிலேயே பேசி இடியாப்பம் வாங்கிச் சாப்பிடலாம். தாய்லாந்திலும் அப்படித்தான்: மேற்கே இருக்கும் புக்கெட்டுக்கு மே முதல் மழைக்காலம், வளைகுடாவுக்குள் இருக்கும் கோ சமுயிக்குப் பெருமழை வருஷக் கடைசியில்தான். திருகோணமலை வேண்டும் என்று கேட்டதற்கு அந்த டேப்லெட் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "அங்கெல்லாம் யாரும் போறதில்லை சார், பெந்தோட்டை போடட்டுமா?"

வீட்டுக்குள் இருக்கும் நிபுணர்கள் இன்னும் மோசம். பெரியப்பாவுக்கு ராமேஸ்வரம்தான் தீவு, போய் மீன் சாப்பிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் எகிறும். தனுஷ்கோடியில் அந்த வெயிலுக்கு ஒதுங்க நிழலும் இல்லை. கிருஷ்ணகிரிச் சித்தப்பாவுக்குத் தோப்பில் பெங்களூரா மாங்காய் இறங்கிய பிறகு, ஜூலையில்தான் வசதி, அதுவும் மாலத்தீவுக்கு! மாமரத்துக்கு மருந்தடிக்கக் காற்றின் திசை பார்த்து நாள் குறிக்கிற மனுஷன், லட்சக்கணக்கில் கொட்டி நடுக்கடலுக்குப் போவதற்கு ஃப்ளெக்ஸைப் பார்த்து முடிவு செய்கிறார்.

குடும்பக் குழுவில் வாக்கெடுப்பு வேறு ஓடிக்கொண்டிருக்கிறது, மாலத்தீவு முன்னிலை. இனிமேல் எனக்குத் தீவுப் படம் அனுப்புகிறவர்கள் அது எந்த மாசம் எடுத்தது, தீவின் எந்தப் பக்கம் என்று கீழே எழுதி அனுப்புங்கள். இரண்டும் இல்லாத படத்தை நான் திறந்தே பார்க்கப்போவதில்லை, மச்சான் அனுப்பினாலும் சரி.