ஒட்டாவாவில் நின்ற லொறிகளும் கார்டினரில் நின்ற நாங்களும்

கொவிட் தடுப்பூசி விதிகளை எதிர்த்து 2022 ஜனவரியில் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போன லொறிப் பேரணியைப் பற்றி இப்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் எங்கள் தமிழ் ஆட்களிடம் ஒரே வசனம்தான்: "அவங்கள் வெள்ளைக்கார வலதுசாரிகள், அவசரகாலச் சட்டம் போட்டது சரிதான்." போன கிழமை ஒரு கலியாண வீட்டிலும் இதே கதை வந்தது. அங்கே முழுதாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் என் நிலைப்பாடு. தடுப்பூசியை நம்புகிறேன். கிடைத்த முதல் நாளே போட்டுக்கொண்டேன், அப்பா அம்மாவுக்கும் போடவைத்தேன். முதல் அலையில் கனடாவில் கொவிட்டால் இறந்தவர்களில் ஏறக்குறைய 80 வீதமானவர்கள் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். அந்த இல்லங்களில் குளிக்கவார்த்தும் உணவூட்டியும் வேலைசெய்தவர்களில் எங்கள் அக்காமார் எத்தனை பேர் என்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் மாடிக்குடியிருப்பில் ஒரு அக்கா இரவு வேலை முடிந்து வந்தால் உடுப்பைக் கதவடியிலேயே பையில் போட்டுக் கட்டிவிட்டு, பிள்ளைகளின் முகத்தையும் பார்க்காமல் நேரே குளியலறைக்குப் போவார். மாஸ்க் பட்டி அழுத்தி அவருடைய இரண்டு காதுக்குப் பின்னாலும் தோல் உரிந்திருந்தது. கட்டுப்பாடுகள் யாருக்காக வந்தன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் காதுகள்தான் ஞாபகம் வரும்.

அதனால் லொறிப் பேரணிக்காரரின் கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. ஜனவரி 15 முதல், தடுப்பூசி போடாத கனடிய லொறிச் சாரதிகள் அமெரிக்காவிலிருந்து திரும்பினால் தனிமைப்படுத்தலில் இருக்கவேண்டும் என்று விதி வந்தது. ஒரு கிழமையில் அமெரிக்காவும் தன் பக்கத்தில் அதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. பெரும்பாலான சாரதிகள் அதற்கு முன்பே ஊசி போட்டிருந்தார்கள். என் மைத்துனரும் லொறிதான் ஓட்டுகிறார், வின்ட்சர் வழியாக டிட்ரொயிட். அந்த இரண்டு நகரங்களையும் இணைக்கிற அம்பாசடர் எல்லைப் பாலத்தை மறித்த நாட்களில் இன்னொரு எல்லைக் கடவையான சார்னியா பக்கம் சுற்றிப்போய், அங்கே வரிசையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார். "எங்களுக்காகப் போராடுறம் எண்டு சொல்லி எங்கட பிழைப்பிலதான் மண் போடுறாங்கள்" என்று தொலைபேசியில் கத்தினார். பிரம்டனில் இருக்கிற பஞ்சாபி சாரதிகளும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குக் கூலி ஒழுங்காக வராததுதான் பெரிய பிரச்சினை. அந்தப் பேரணியில் அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஒட்டாவா நகர மத்தியில் இருந்தவர்கள் பட்ட பாட்டையும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஜனவரி 28, 29இல் லொறிகள் வந்து பாராளுமன்றத்துக்கு முன்னால் இருக்கிற வெலிங்டன் வீதியிலும் சுற்றுத் தெருக்களிலும் நின்றன. இரவு பகலாக எயார்ஹோர்ன். அந்தச் சத்தத்தில் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் நித்திரையில்லாமல் கிடந்தார்கள். மாஸ்க் போட்டு நடந்தவர்களைத் தெருவில் வைத்துத் திட்டினார்கள். வீடற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற இடத்தில் போய்ச் சாப்பாடு கேட்டு ஊழியர்களை நெருக்கினார்கள். நாஜிக் கொடி தெரிந்தது, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட அமெரிக்கத் தென்மாநிலங்களின் கொடி தெரிந்தது. ஒழுங்கமைத்தவர்களில் ஒரு பகுதியினர் செனட்டும் ஆளுநர் நாயகமும் தங்களோடு சேர்ந்து கட்டுப்பாடுகளை நீக்கவேண்டும் என்று ஒரு ஒப்பந்தப் பத்திரமே எழுதி வைத்திருந்தார்கள். தேர்தலில் வென்ற அரசாங்கத்தைப் பக்கத்தில் தள்ளிவைக்கிற யோசனை அது. கடைசியில் ஹோர்ன் சத்தத்தை நிறுத்தியது பொலிஸ் இல்லை. 21 வயதுப் பெண் ஒருவர் நீதிமன்றம் போய் பெப்ரவரி 7இல் தடையுத்தரவு வாங்கினார். நான் மதிக்கிற ஆள் அவர்.

சரி, இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏன் அவசரகாலச் சட்டத்தை எதிர்க்கிறேன்?

பெப்ரவரி 14இல் ட்ரூடோ அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. 1988இல் வந்த அந்தச் சட்டத்தை அதுவரை யாரும் தொட்டதில்லை. அதற்கு முன்பிருந்த போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தை வைத்துத்தான் இரண்டாம் உலகப் போரில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஜப்பானியக் கனடியர்களை வீடு வாசலை விட்டு எழுப்பினார்கள். 1970 ஒக்டோபரில் கியூபெக்கில் ஏறக்குறைய 500 பேரைப் பிடி ஆணை இல்லாமல் பிடித்துப் போட்டதும் அதே சட்டத்தின் பேரில்தான். அப்படி இனி நடக்கக்கூடாது என்றுதான் புதிய சட்டத்தில் அத்தனை பூட்டுப் போட்டார்கள். வேறு எந்தச் சட்டத்தாலும் கையாள முடியாத நெருக்கடி இருந்தால் மட்டுமே இதை எடுக்கலாம்.

2022இல் வேறு வழி இருக்கவில்லையா? அம்பாசடர் பாலத்தைப் பாருங்கள். கனடா–அமெரிக்க வர்த்தகத்தில் கால்வாசி அளவு போகிற பாலம் அது. அதற்கு நீதிமன்றத் தடையுத்தரவு பெப்ரவரி 11இல் வந்தது, 13ஆம் திகதி பொலிஸ் வந்து அகற்றிவிட்டது. அவசரகாலச் சட்டம் வந்தது அதற்கு அடுத்த நாள். அல்பேர்ட்டாவில் கூட்ஸ் எல்லை மறியலில் ஆயுதங்களோடு ஆட்கள் பிடிபட்டார்கள், உண்மையில் பயப்படவேண்டிய விஷயம் அதுதான். அதையும் சாதாரணக் குற்றவியல் சட்டத்தை வைத்தே பொலிஸ் செய்துமுடித்தது. மிஞ்சியது ஒட்டாவா. அங்கே இல்லாமல் போனது சட்டம் இல்லை, திட்டம். பேரணிக்காரர் குறைந்தது முப்பது நாளுக்கு ஹோட்டல் அறை தேடுகிறார்கள் என்று நகரசபைக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. அப்படியிருந்தும் சனி ஞாயிறு முடிய அவர்கள் போய்விடுவார்கள் என்ற நினைப்பில் பொலிஸ் நகரத்துக்குள்ளே விட்டது. அப்புறம் தலைமைக்குள் பிடுங்குப்பாடு, பெப்ரவரி 15இல் பொலிஸ் மாஅதிபர் ராஜினாமா. பொலிஸ் தன் வேலையைச் செய்யத் தவறியதற்கு நாடு முழுவதற்கும் அவசரநிலை போட்டார்கள்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

2009 ஏப்ரலில் அதே வெலிங்டன் வீதியில், அதே பாராளுமன்றத்துக்கு முன்னால், நாங்கள் நாட்கணக்காக நின்றோம். ரொறன்ரோவில் யூனிவேர்சிட்டி அவெனியூவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் நின்றோம். மே 10, அன்னையர் தினம், கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்தோம். முள்ளிவாய்க்காலில் எறிகணை விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தொலைபேசி எடுத்தால் மறுபக்கம் ஆளில்லை. ஆண்கள், பெண்கள், பேத்தியைப் பிடித்தபடி அம்மம்மாமார், தள்ளுவண்டியில் குழந்தைகளோடு தாய்மார். நகரத்தின் முக்கிய நெடுஞ்சாலை பல மணிநேரம் நின்றுபோனது. லிபரல் கட்சியிடமிருந்து ஒரு உறுதிமொழி வந்த பிறகு நள்ளிரவு அளவில் இறங்கினோம். அடுத்த நாள் பத்திரிகை, வானொலி எல்லாம் எங்களைத் திட்டின. "பிள்ளைகளைக் கொண்டுவந்து நெடுஞ்சாலையில் இருத்துகிறீர்களா" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்கள் தாய்மாரை எப்படிக் குத்தியது என்று எனக்குத் தெரியும். ஊரில் சாகிற பிள்ளைகளைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை.

இப்போது 2022 அவசரகால ஒழுங்குவிதிகளை எடுத்து வாசியுங்கள், இணையத்தில் இருக்கின்றன. ஆட்கள், பொருட்களின் போக்குவரத்தைக் கடுமையாகக் குழப்பி, அதனால் அமைதி குலையக்கூடிய ஒன்றுகூடல் தடை. அதில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பங்குபற்ற வைப்பது குற்றம். மீறினால் ஐந்து வருடம் வரை சிறை. ஒட்டாவாவில் லொறிகளுக்குள் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதற்காக எழுதிய விதி அது. காற்பங்கு லொறிகளில் பிள்ளைகள் இருப்பதாகப் பொலிஸே சொன்னது. பிள்ளைகளைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அந்த வசனங்களை 2009 மே 10இல் வைத்துப் பாருங்கள். போக்குவரத்து மறிப்பு இருந்தது, பிள்ளைகளும் இருந்தார்கள். தள்ளுவண்டியோடு நின்ற எங்கள் தாய்மார் அந்த விதிக்குள் அப்படியே அடங்குகிறார்கள்.

வங்கிக் கணக்கு விஷயம் இன்னும் மோசம். நீதிமன்ற ஆணை தேவையில்லை. சமஷ்டிப் பொலிஸான ஆர்.சி.எம்.பி. பெயர்களைக் கொடுத்தது, வங்கிகள் கணக்குகளை முடக்கின. இருநூறுக்கும் மேற்பட்ட கணக்குகள், ஏறக்குறைய 8 மில்லியன் டொலர். கூட்டுக்கணக்காக இருந்தால் மனைவியின் பணமும் சேர்ந்து முடங்கியது, அவர் ஒட்டாவாப் பக்கமே போகாதவராக இருந்தாலும். முடக்கிய வங்கிமேல் வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பும் கொடுத்தார்கள். இருபது டொலர் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைக் கொடுக்கவில்லை என்று பொலிஸ் பிறகு சொன்னது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது பொலிஸ் தானாகக் காட்டிய அடக்கம். விதியில் எழுதியிருந்த சொற்கள் அதைவிட அகலமானவை.

பணத்தைப் பற்றிய பயம் எங்கள் சமூகத்துக்குப் புதிதா? 2006இல் புலிகள் இயக்கத்தையும் 2008இல் உலகத்தமிழர் இயக்கத்தையும் கனடா பயங்கரவாதப் பட்டியலில் போட்ட பிறகு, ஊரில் ஒரு அனாதை இல்லத்துக்குக் காசு அனுப்பவும் எத்தனை பேர் தயங்கினார்கள்? என்றோ ஒரு கூட்டத்தில் கொடுத்த ஐம்பது டொலர் பற்றுச்சீட்டைக் கிழித்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடு வாழ்ந்த நாங்கள், யாருக்கோ நீதிபதியைக் கேட்காமல் கணக்கை முடக்கியபோது கைதட்டினோம். அதுதான் என் மனதைப் போட்டு அறுக்கிறது.

"அவங்களும் நாங்களும் ஒன்றா?" என்று கலியாண வீட்டில் ஒரு அண்ணை கோபமாகக் கேட்டார். ஒன்றே இல்லை, அண்ணை. ஒரு ஊசியைப் பற்றிய கோபமும் உறவுகள் கொல்லப்படுவதைப் பார்த்துத் தெருவுக்கு வந்த துக்கமும் ஒரே தராசில் நிற்காது. நாங்கள் யாருடைய நித்திரையையும் மூன்று கிழமை கெடுக்கவில்லை. ஆனால் யாருடைய காரணம் நியாயமானது என்று சட்டம் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது. 2009இல் ஒட்டாவாவில் இருந்த அரசாங்கத்துக்கு எங்கள் காரணமும் நியாயமாகத் தெரியவில்லை. கைகளில் இருந்த கொடியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான் அதிகம். அன்று ஒரு மந்திரிசபை இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்திருந்தால் யார் எங்களுக்காகப் பேசியிருப்பார்கள்?

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். 2023 பெப்ரவரியில், அவசரகாலச் சட்டம் போட்டதை விசாரித்த நீதியரசர் ரூலோவின் ஆணைக்குழு, சட்டத்தைக் கொண்டுவரத் தேவையான நிலை இருந்தது என்று தயக்கத்தோடு சொன்னது, பொலிஸின் தவறுகளைப் பக்கம் பக்கமாக எழுதியது. 2024 ஜனவரி 23இல் சமஷ்டி நீதிமன்ற நீதிபதி மோஸ்லி அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தார்: பிரகடனம் நியாயமற்றது, அளவுக்கு மிஞ்சிய கருத்துரிமைத் தடையும் கணக்கு முடக்கமும் உரிமைகள் சாசனத்தை மீறின. அவர் அதிலே இன்னொன்றும் எழுதினார். அந்த நேரம் மந்திரிசபை மேசையில் தானும் இருந்திருந்தால் சட்டம் தேவை என்று ஒத்துக்கொண்டிருக்கக்கூடும் என்று. அதை வாசித்தபோது அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அரசாங்கத்தின் பயம் அவருக்குப் புரிந்தது. அப்படிப் புரிந்தும் சட்டத்தைச் சட்டமாக வாசித்தார்.

அடுத்த தொற்றுநோய் வரும். அப்போதும் மாஸ்க் போடச் சொல்வார்கள், கடைகளைப் பூட்டச் சொல்வார்கள். நான் பூட்டச் சொல்கிற பக்கத்தில்தான் நிற்பேன், அந்த அக்காவின் காதுகளைப் பார்த்தவன் நான். அதை எதிர்த்து ஆட்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய்க் கத்தினால் கத்தட்டும். வீதியை நாட்கணக்காக அடைத்தால் சாதாரணச் சட்டப்படி தண்டம் எழுதுங்கள், வாகனத்தை இழுத்துச் செல்லுங்கள், நீதிமன்றத்தில் நிறுத்துங்கள்.

ரூலோ ஆணைக்குழு 56 பரிந்துரைகளைக் கொடுத்தது. பொங்கல் விழாவுக்கும் மே 18 நினைவேந்தலுக்கும் எங்கள் மண்டபங்களுக்கு வருகிற எம்.பி.மாரிடம், எந்தக் கட்சி என்று பார்க்காமல், அதில் எத்தனை நிறைவேறியது என்று கேளுங்கள். நீதிபதியின் கையெழுத்து இல்லாமல் ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கை இனி முடக்க முடியாதபடி சட்டத்தைத் திருத்துவீர்களா என்றும் கேளுங்கள். நான் என் தொகுதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அதன் பிரதி வேண்டுமானவர்கள் உள்பெட்டியில் வாருங்கள், அனுப்பிவைக்கிறேன்.