டான்சில் எடுத்தாலே போதுமா?

“குழந்தைக்கு டான்சிலையும் (தொண்டைச் சதை) அடினாய்டையும் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) எடுத்தா தூக்க மூச்சுத்திணறல், அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நிற்பது, நிச்சயம் போயிடும், மறுபரிசோதனை வீண் செலவு”ன்னு சொல்றது தவறு.

2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 5–9 வயதுக் குழந்தைகள் 464 பேர். ஏழு மாதம் கழித்து எடுத்த தூக்கப் பரிசோதனையில், அறுவை செய்தவர்களில் 79% பேருக்குச் சரியானது. செய்யாதவர்களிலும் 46% பேருக்கு! உடல் பருமன் இருந்தால் அறுவைக்குப் பின்னும் 67% தான். டவுன் சிண்ட்ரோம், சிறிய தாடை உள்ளவர்களுக்கும் பிரச்சினை மிச்சம் நிற்கும். நாக்கின் பின்பகுதி அடைத்தால் டான்சில் எடுத்து என்ன பயன்?

மூன்று வயதுக்குக் கீழே, அல்லது மணிக்குப் பத்து தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால், அறுவை செய்த அன்றிரவு ஆக்சிஜன் கண்காணிப்போடு ஆஸ்பத்திரியில்தான் இருக்கணும். வலிக்குக் கோடீன் என்ற வலி மருந்து கூடவே கூடாது, மூச்சை அடக்கிவிடும். 5–10ஆம் நாளில் பொருக்கு உதிரும்போது ரத்தம் வரலாம். வந்தால் கொஞ்சமானாலும் உடனே எமர்ஜென்சி.