கேடயமே இல்லாத விமானம்

1994-இல் வந்த ‘டை ஃபைட்டர்’ என்ற ‘ஸ்டார் வார்ஸ்’ விண்வெளிச் சண்டைக் கணினி விளையாட்டு இன்றும் ஈர்ப்பதற்குப் பழைய நினைவுகள்தான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் கையில் தரப்படும் விமானத்துக்கு அடியைத் தாங்கும் ஆற்றல் கேடயமே கிடையாது. நாலைந்து அடி சரியாக விழுந்தால் கதை முடிந்தது. அதனால் சுடுவதைவிடத் தப்பிப்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறோம்.

அப்புறம் அந்த மின்சக்திப் பங்கீடு! லேசருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் வேகம் குறையும். வேகம் வேண்டுமென்றால் லேசர் மெதுவாகத்தான் நிரம்பும். எதிரி பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்போது லேசருக்கான பங்கை மாற்றும் எஃப்9 விசையை விரல் தேடும் பாருங்கள், அந்தப் பதற்றத்தைப் புதிய விளையாட்டுகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஐம்யூஸ் என்ற இசை நுட்பத்தில் பின்னணி இசையும் சண்டையின் போக்குக்கு ஏற்ப மாறும்.

கட்டுரை தொடாத இன்னொன்று: நாம் ‘ஸ்டார் வார்ஸ்’ கதையின் வில்லன்களான பேரரசின் பக்கம். ஒவ்வொரு பணிக்கு முன்னும் அதிகாரி ஒன்று சொல்வார், பல பணிகளில் பேரரசரின் ரகசியக் குழுவைச் சேர்ந்த முக்காடு போட்டவர் தனியாக வேறொன்று சொல்வார். ரகசிய வேலையை விட்டாலும் பணி வெற்றிதான். ஆனாலும் அதை முடிக்க நான் திரும்ப ஆடுவேன். கிராஃபிக்ஸா? சரி, அது பழசுதான்.