கீழ உக்காந்தா சம்செங் (ரவுடி), கார்ல சுத்துனா நல்ல பிள்ளையா?

கோலாலம்பூர் செந்தூல்ல எங்க அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ப திறந்தாலே இப்பல்லாம் வயிறு எரியுது. பி ப்ளோக் லிஃப்ட் பக்கத்துல நாலு பையனுங்க போன நோண்டிக்கிட்டு உக்காந்திருப்பானுங்க, உடனே ஒருத்தர் மேல இருந்து போட்டோ புடிச்சு "இந்த சம்செங் பசங்கள கேக்க ஆளே இல்லையா"ன்னு போடுவாரு, அதுக்கு முதல் ஆளா ஆமா போடுறது நம்ம தமிழ் அங்கிள் ஆன்ட்டிங்கதான். ஏங்க, அந்தப் பிள்ளைங்க என்னதான் பண்ணிட்டானுங்க? ஒருத்தன் எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சுட்டு சாப்பாடு டெலிவரி ஓட்டுறான், இன்னொருத்தன் வீட்டுல மூணு ரூம்ல ஏழு பேரு, அவன் எங்க லா போய் உக்காருவான்?

அதே பில்டிங்ல ஏ ப்ளோக் பையன் ஒருத்தன் ராத்திரி ரெண்டு மணிக்கு எக்ஸாஸ்ட் மாத்துன கார அலற விட்டுக்கிட்டு வர்றான், படிக்கட்டுல வேப் ஊதுறான், அடுத்தவங்க காருக்குப் பின்னாடி நிறுத்திட்டு போனையும் எடுக்க மாட்டான். ஆனா லிஃப்ட்ல பாத்தா "ஹாய் அங்கிள், சாப்டீங்களா"ம்பான். அதனால அவன் வெறும் வயசுப் பையன், விட்டுடலாம்.

வில்லியம் சாம்பிளிஸ்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1973லயே இத ஆய்வா எழுதிட்டாரு. ஒரே ஸ்கூல்ல ரெண்டு கூட்டம், வசதியான வீட்டுப் பையனுங்க 8 பேரு, ஏழை வீட்டுப் பையனுங்க 6 பேரு. அந்த 8 பேரு மட்டம் போட்டானுங்க, குடிச்சிட்டு கார் ஓட்டுனானுங்க, ரோட்டு வேலை நடக்குற இடத்துல தடுப்ப எடுத்துட்டு எவன் வந்து விழுறான்னு ஒளிஞ்சு பாத்தானுங்க. எண்ணிக்கைன்னு பாத்தா அவனுங்க தப்புதான் அதிகம். ஆனா ஊருக்கு அவனுங்க நல்ல பிள்ளைங்க! கார் இருந்துச்சு, வெளியூர்ல போய் ஆடுனானுங்க, மாட்டுனா பணிவா பேசுனானுங்க. அந்த 6 பேரு சாமியாருங்க இல்ல, அடிதடி திருட்டு எல்லாம் இருந்துச்சு, ஆனா காரில்லாம தெருமுனைல எல்லார் கண்ணுலயும் பட்டுக்கிட்டு நின்னதால போலீஸ் எப்பவும் அவனுங்க பின்னாடியேதான்.

எட்வின் லெமெர்ட்னு இன்னொரு அமெரிக்க சமூகவியலாளர் 1951ல சொன்னதுதான் எனக்கு பெரிய பயமே. முதல்ல பண்ற சின்னத் தப்பு பெருசில்ல, ஊரே ஒரு பேர வச்சு திரும்பத் திரும்ப நடத்துறப்போ அவனே அந்தப் பேர ஏத்துக்கிட்டு அதுக்கேத்த மாதிரி நடக்க ஆரம்பிக்கிறான். 15 வயசுப் பையன ஜாகா (காவலாளி) தினமும் நிறுத்தி "எந்த வீடு, கார்டு காட்டு"ன்னு கேட்டா, ஆன்ட்டிங்க அவனப் பாத்ததும் ஹேண்ட்பேக்க இறுக்கிப் புடிச்சா, தனக்கு மரியாதை குடுக்குற கூட்டம் எதுன்னு தேடிப் போவானா மாட்டானா? போனப்புறம் "நான் அப்பவே சொன்னேன்"ன்னு குரூப்ல போடுறது நீங்கதான்.

இத்தனைக்கும் ரூல்ஸ் இல்லாம இல்ல. 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி வீடுங்க) நிர்வாகச் சட்டப்படி பைலா, அதாவது கட்டடத்தோட விதிகள, மீறுனவங்களுக்கு அபராதம் போடலாம், தொகைய பொதுக்கூட்டத்துல முடிவு பண்ணணும். ஆனா அந்த வழில போனா ஏ ப்ளோக் காருக்கும் போடணும்ல, அதான் யாரும் போக மாட்டாங்க. போட்டோவும் புறணியும் ரொம்ப வசதி, பதில் சொல்ல அந்தப் பையன் குரூப்லயே இல்ல.

அடுத்த பொதுக்கூட்டத்துல எந்திரிச்சு கேக்கத்தான் போறேன். இதுவரைக்கும் போட்ட அபராத லிஸ்ட்ட எல்லார் முன்னாடியும் வாசிங்க, எந்த ப்ளோக், என்ன தப்புன்னு. பசங்கள போட்டோ புடிச்சுப் போட்டவங்க, கீழ உக்காரக் கூடாதுன்னு பைலால எங்க இருக்குன்னு காட்டட்டும்.