கோடம்பாக்கத்துக்கு முந்தி சிங்காநல்லூர்

போன வாரம் காங்கேயம் பக்கத்தில் ஒரு எழுதிங்கச் சீர், எங்கள் கொங்கு வழக்கத்துச் சடங்கு. இலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் விழுந்த நேரத்தில் சண்டை ஆரம்பித்தது. ராஜாவா, ரகுமானா? ஒரு பக்கம் என் மச்சான், எதிர்ப்பக்கம் அவர் பெற்ற மகன். நடுவில் வயசான ஒருவர், "அட போங்கப்பா, எம்.எஸ்.வி. மாதிரி ஆகுமா" என்று மூன்றாவது அணியைத் தொடங்கிவைத்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அந்த எம்.எஸ்.வி.க்கே வாத்தியார் நம்ம சிங்காநல்லூர்ல இருந்தவருங்க. எஸ்.எம். சுப்பையா நாயுடு" என்றேன்.

மச்சான் மகன் கேட்டான்: "அவிநாசி ரோட்டு மேம்பாலத்துக்குப் பேரு வச்சிருக்காங்களே, அவருங்களா மாமா?"

அவர் ஜி.டி. நாயுடு. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் சினிமாப் பாட்டு என்றாலே கோடம்பாக்கத்தில் பிறந்து கோடம்பாக்கத்தில் வளர்ந்ததாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 1940களில் கதை அப்படி இல்லை. கோவை சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் படம் படமாக எடுத்துக்கொண்டிருந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947இல் அங்கிருந்து வந்ததுதான். இசை சுப்பையா நாயுடு. திருநெல்வேலிச் சீமைக்காரர், ஆனால் வேலை செய்து பேர் வாங்கியது நம் மண்ணில்.

அதே கம்பெனியில் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து வந்த ஒரு பையன் ஆபீஸ் பாயாக இருந்தான். டிபன் வாங்கி வருவது, டீ கொடுப்பது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது. ஆளில்லாத நேரத்தில் ஆர்மோனியத்தில் உட்கார்ந்துவிடுவான். 1948இல் வந்த 'அபிமன்யு'வில் 'புது வசந்தமாமே வாழ்விலே' என்று ஒரு பாட்டு. அந்த மெட்டு நாயுடுவுக்குப் பிடிபடாமல் இழுத்துக்கொண்டே போக, அதைப் போட்டது இந்தப் பையன். நாயுடு ஏற்றுக்கொண்டார், ஆனால் வெளியே சொல்லவில்லை. கேட்க அநியாயமாகத்தான் இருக்கிறது. பிறகு ஜூபிடர் கோவைக் கடையைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனபோது, முதலாளியிடம் போய், "அந்தப் பாட்டு இவன் போட்டது, இவனைக் கூட்டிப் போங்கள்" என்று உண்மையை உடைத்தவரும் அவரேதான். பையன் பெயர் விஸ்வநாதன். பிற்காலத்தில் குருவையும் அவர் மனைவியையும் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார் எம்.எஸ்.வி. 1979இல் நாயுடு இறந்தபோது மகனிடத்தில் நின்று காரியம் செய்ததும் அவர்தான்.

டி.எம்.எஸ். கதையும் இங்கேதான் தொடங்குகிறது. மதுரையிலிருந்து கோவைக்கு வந்து, ஒரு டைரக்டர் வீட்டில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே வாய்ப்புக்காகக் காத்திருந்தவர். 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் 'ராதே' என்று முதல் பாட்டு. அச்சு அசல் தியாகராஜ பாகவதர் குரல். இன்றைக்குக் கேட்டாலும் டி.எம்.எஸ். என்று சட்டென்று சொல்ல முடியாது. நாலே வருஷத்தில் 'மலைக்கள்ளன்' வருகிறது. பட்சிராஜா ஸ்டுடியோ, அதுவும் கோவைதான். 'எத்தனை காலம்தான் ஏமாற்றுவார்' பாட்டில் பாகவதர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. இரண்டுக்குமே நாயுடுதான் இசை. கூரியர் பையன் மாதிரி டியூனை மட்டும் கொண்டுவந்து கொடுக்கும் ஆளாக இருந்திருந்தால் அந்தத் தொண்டை அப்படித் திறந்திருக்காது என்பது என் கட்சி.

இதெல்லாம் எனக்கு யார் சொன்னது? அம்மாவைப் பெற்ற அப்புச்சி. மில் தொழிலாளி. அவர் வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ. போட்டால் உடனே பாடாது, சூடாக வேண்டும். அதற்குள் மேலே பச்சைக் கண் ஒன்று மெல்ல விரியும். இலங்கை வானொலி இரைச்சலோடு வந்து சேரும்போது மில் சங்கு ஊதிவிடும், அப்புச்சி தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டில் இருக்கும் நாளில், எந்தப் பழைய பாட்டு வந்தாலும் ஒரே வசனம்: "இது நம்மூரு பாட்டு கண்ணு." பாதி தப்பு. 'தூங்காதே தம்பி' வந்த 'நாடோடி மன்னன்' சென்னையில் எடுத்த படம். ஆனால் மெட்டு நாயுடுவுடையதாச்சே! அப்புச்சி கணக்கில் அதுவும் சிங்காநல்லூரில் சேர்ந்துவிடும்.

கல்லூரி போகும்போது அவருக்காக ஒரு கேசட் பதிந்து கொடுத்தேன். பேப்பரில் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்கும் காலம். கடை எதுவென்று சொல்லப்போவதில்லை. 'ஏ' பக்கம் கடைசியில் 'சிங்கார வேலனே தேவா'. 1962, 'கொஞ்சும் சலங்கை', ஆபேரி ராகம், நாயுடு இசை. ஜானகியம்மா ஸ்வரம் பாட, காருகுறிச்சியாரின் நாதஸ்வரம் விடாமல் துரத்திக்கொண்டு வரும் இடம் இருக்கிறதே, சரியாக அங்கே டேப் தீர்ந்து 'டக்' என்று நின்றுவிட்டது. இன்றைக்கும் போனில் முழுப் பாட்டும் கேட்கிறேன். அந்த இடம் வந்தால் காது 'டக்'கை எதிர்பார்க்கிறது.

நாயுடுவோடு முடியவில்லை. ஈரோட்டிலிருந்து கரூர் போகும் பாசஞ்சரில் ஏறினால் ஊஞ்சலூர் வரும், அப்புறம் கொடுமுடி. யு.ஆர். ஜீவரத்தினத்தின் 'யு' ஊஞ்சலூர். 'புது வசந்தமாமே' பாட்டின் பெண் குரல் அவர்தான். கே.பி. சுந்தராம்பாளின் 'கே' கொடுமுடி. 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷம் போட்டு நடிக்க ஒரு லட்ச ரூபாய் வாங்கியவர். அன்றைய ஒரு லட்சம்! இனிஷியலிலேயே ஊரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், நாம்தான் அதை விரித்துப் படிப்பதில்லை.

ஜூன் 24 வந்தால் கண்ணதாசனுக்கும் எம்.எஸ்.வி.க்கும் ஒரே நாளில் பிறந்தநாள் என்று என் டைம்லைன் முழுக்கப் பதிவுகள். போடுங்கள், நானும் லைக் போடுகிறேன். கண்ணதாசனின் முதல் சினிமாப் பாட்டு, 1949இல் 'கலங்காதிரு மனமே', அதே ஜூபிடர் படத்துக்குத்தான் என்று ஒரு வரி சேர்த்தால் குறைந்தா போய்விடும்? நாயுடுவுக்குச் சிலையெல்லாம் கேட்கவில்லை, சிலை வைத்தால் காக்காய்க்குத்தான் லாபம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பலகை. அவ்வளவுதான்.

சீர் முடிந்து வீடு வந்து படுத்த பிறகு மச்சான் மகனிடமிருந்து வாட்ஸ்அப். "மாமா, 'குங்குமப் பூவே' கூட அவரு மியூசிக்காமா? அது சந்திரபாபு பாட்டுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்."

"நம்மூரு பாட்டு கண்ணு" என்று தட்டிவிட்டு, அனுப்பும் முன் ஒரு தடவை சரிபார்த்தேன். 'மரகதம்', 1959, பட்சிராஜா. இந்தத் தடவை அப்புச்சி ஜெயித்துவிட்டார்.