யு-1206: கழிப்பறைக் கதையில் எது உண்மை?

"ஃப்ளஷ் செய்யத் தெரியாத கேப்டன், தன் நீர்மூழ்கியையே மூழ்கடித்தார்": ஜெர்மனியின் யு-1206 பற்றிச் சுற்றும் இந்தச் செய்தி தவறு. 1945 ஏப்ரல் 14, ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே. கேப்டன் கார்ல்-அடால்ஃப் ஷ்லிட், அவரே தந்த அறிக்கையின்படி, அப்போது பழுதான டீசல் எஞ்சினோடு போராடிக்கொண்டிருந்தார்; முன்பகுதிக் கழிப்பறையின் வெளிவால்வைச் சரிசெய்ய முயன்றது ஒரு மெக்கானிக்.

அதில் உள்வால்வை மூடிய பிறகே வெளிவால்வைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒருசேரத் திறந்திருந்தால், ஆழத்து அழுத்தத்தில் கடல்நீர் பீறிட்டு உள்ளே பாயும். அன்றும் கடல்நீர் உள்ளே புகுந்தது. கீழே பேட்டரிகள், உப்புநீர் பட்டதும் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பியது. மேலே வந்தே ஆக வேண்டிய நிலை. பிரிட்டிஷ் விமானங்களும் ரோந்துப் படைகளும் கண்டுகொண்டன. கப்பலை மூழ்கடிக்கும்படி ஷ்லிட்டே உத்தரவிட்டார். இறந்தவர்கள் 4 பேர்; பிழைத்தவர்கள் 46 பேர்.