ஒசைரிஸோடு வாதாடும் மஞ்சள் பறவை

'செசமி ஸ்ட்ரீட்' என்கிற அமெரிக்கக் குழந்தைகள் பொம்மை நிகழ்ச்சியின் ஆட்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் ஒரு ராத்திரி தங்கிவிடுகிற சிறப்பு நிகழ்ச்சி ஒன்று உண்டு. 'டோன்ட் ஈட் த பிக்சர்ஸ்' (படங்களைத் தின்னாதே), 1983 நவம்பரில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் வந்தது. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் குக்கி மான்ஸ்டரைத்தான் சொல்வார்கள். ஓவியத்தில் இருக்கிற சாப்பாட்டைக்கூட விட்டுவைக்காத நீலப் பயல். அதுவும் சரிதான், தலைப்பே அவனுக்காக வைத்ததுதானே. கையும் மூக்கும் உடைந்த பழைய சிலைகளைப் பார்த்து, குப்பைத்தொட்டியில் வசிக்கும் ஆஸ்கர் சொக்கிப்போய்ப் பாடுவான். அதற்கு ஈடாக ஒரு கலை ரசனை வகுப்பை நான் கேட்டதில்லை.

ஆனால் என் கட்சி வேறு. நிகழ்ச்சியின் உயிர் சாஹு என்கிற எகிப்திய இளவரசனிடம்தான் இருக்கிறது. சின்னப் பையன். சாபத்தால் நாலாயிரம் வருஷமாகத் தனியாகக் கிடக்கிறான். நள்ளிரவுதோறும் ஒரு பூதம் வந்து விடுகதை போடும்: இன்றைக்கும் நேற்றும் எங்கே சந்திக்கும்? விடை, அவர்கள் நிற்கிற அருங்காட்சியகமேதான். அதோடு முடியவில்லை. இறந்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் எகிப்தியக் கடவுள் ஒசைரிஸ் முன்னால் அவன் இதயத்தை ஓர் இறகோடு தராசில் வைத்து நிறுக்கிறார்கள். இது டிவிக்காரர்கள் கட்டிவிட்டது இல்லை, பழைய எகிப்தியர்களின் 'இறந்தோர் நூல்' சுவடிகளில் வரைந்தே வைத்திருக்கிற தீர்ப்புக் காட்சி. இதயம் இறகைவிடக் கனமாக இருக்கிறது, அப்படியென்றால் தோல்வி. அப்போது செசமி ஸ்ட்ரீட்டின் மஞ்சள் பறவை பிக் பேர்டுக்குக் கோபம் வருகிறது பாருங்கள். இத்தனை காலம் ஒண்டியாக இருந்தவன் மனசு கனக்காமல் என்ன செய்யும், இதில் என்ன நியாயம் என்று கடவுளிடமே சண்டைக்குப் போகிறது!

இந்தச் சிறப்பு நிகழ்ச்சி வந்து ஒரு வாரம் கழித்து, அதே நவம்பர் 24ஆம் தேதி, செசமி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் ஹூப்பரின் மரணத்தைச் சொன்னார்கள். அந்த வேடத்தில் நடித்த வில் லீ முந்தைய வருஷமே இறந்துவிட்டிருந்தார். ஊர் மாறிப் போய்விட்டார் என்று மழுப்பியிருக்கலாம், செய்யவில்லை. அங்கேயும் பிக் பேர்ட் ஏன் என்று கேட்கிறது. பெரியவர்களிடம் பதில் இல்லை, இல்லாததை ஒப்புக்கொள்கிறார்கள்.

இப்போதைய குழந்தைகள் நிகழ்ச்சிகளில் பாதி, பிள்ளைகள் ஒரு நிமிஷம்கூட முகம் சுளித்துவிடக் கூடாது என்ற பயத்திலேயே எடுத்த மாதிரி இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் சின்னவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டினால் பக்கத்தில் உட்காருங்கள், பூதம் கொஞ்சம் மிரட்டும். தராசுக் காட்சியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.